வம்சத்தில் இல்லாதது

"ஒரு மணி நேரம்தானே மைதிலி? கழட்டி வையேன்மா. அவங்க போனதும் மாட்டிக்கலாம்."

அப்பா ரகுநாதன் கெஞ்சாத குறை. தங்கை ராதிகாவைப் பெண் பார்க்க, கோவில்பதாகையில் இருந்த அவர்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள்.

மைதிலி மடியில் நாலு மாதக் குழந்தை விஷ்ணு. இரண்டு பாதமும் உள்பக்கம் வளைந்து பிறந்தவன். வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி மாற்றியே பாதத்தை நிமிர்த்திவிட்டார் டாக்டர் தினகரன். பெரிய ஆபரேஷன் எதுவும் இல்லை. இப்போது அவன் போட்டிருந்த இரண்டு ஷூவையும் ஒரு கம்பி இணைத்திருந்தது. குளிப்பாட்டும்போது தவிரக் கழற்றக் கூடாது.

"கழட்டினா பாதம் பழையபடி திரும்பிக்கும்பா. நான் மாட்டேன்."

"அப்ப உள்ரூமை விட்டு வராதே."

அவள் வரவில்லை. விஷ்ணு கேட்கவேண்டுமே! சரியாகக் கேசரி பரிமாறும்போது வீறிட்டான்.

"அடடா, குழந்தை அழுதே!" என்று உள்ளே எட்டிப் பார்த்தாள் மாப்பிள்ளையின் அம்மா ஷோபனா. கம்பியைப் பார்த்தாள்.

"பொறந்ததுலேருந்தாம்மா?"

"ஆமாம்மா. ஆனா சரியாயிடும்னு..."

ஷோபனா கேசரியைத் தொடவில்லை. மறுநாள் போன் வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வம்சத்துல இந்த மாதிரி குறையே கிடையாது. நாளைக்கு எங்க பேரப்பிள்ளைக்கு வந்துட்டா?"

அப்பா மூன்று நாள் மைதிலியிடம் பேசவில்லை.

ராதிகாதான், "விடுக்கா. எனக்கு வேற மாப்பிள்ளை கிடைப்பான். இவனுக்கு வேற கால் கிடைக்குமா?" என்றாள்.

இருந்தாலும் மைதிலிக்கு மனசு ஆறவில்லை. தங்கை வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமோ?

இரண்டு மாதம் கழித்து அம்பத்தூர் கிளினிக்கில், விஷ்ணுவின் பாதத்தை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தார் தினகரன்.

"பிரமாதம்! ஒருநாள்கூட ஏமாத்தலை போலிருக்கே?"

மைதிலிக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த ஷூவால எங்க வீட்ல ஒரு கல்யாணமே நின்னுபோச்சு டாக்டர்."

"என்னம்மா அக்கிரமம்! எந்தக் காலத்துல இருக்காங்க இவங்கல்லாம்?"

கதவு திறந்தது. தட்டில் பழமும் பத்திரிகையுமாக ஷோபனா. பின்னாலேயே மாப்பிள்ளை விக்ரம். குனிந்து விஷ்ணுவுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்த மைதிலியை இருவரும் கவனிக்கவில்லை.

"முதல் பத்திரிகை உங்களுக்குத்தான் டாக்டர். அன்னிக்கு நீங்க மட்டும் இல்லேன்னா, இவன் இப்படி நிமிர்ந்து நடந்திருப்பானா?"

டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நல்ல நேரத்துல வந்தீங்க! மைதிலி, இந்தப் பையனும் உன் விஷ்ணு மாதிரியே பொறந்தவன்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் மாவுக்கட்டு போட்டேன். இப்ப எப்படி நிக்கிறான் பாரு!"

மைதிலி நிமிர்ந்தாள். அவளைப் பார்த்ததும் ஷோபனா ஓரடி பின்வாங்கினாள்.

"இந்தப் பொண்ணு ரொம்ப மனசு உடைஞ்சிருக்கு ஷோபனாம்மா. நீங்களே ஒரு வார்த்தை தைரியம் சொல்லுங்க."