பவுடர் நிற்காத பலகை

"ஜன்னல் திண்டுல ஒரு தூக்குவாளி வைக்கிறதுகூட அந்த ஆளுக்குப் பொறுக்கல, தவுபிக்கு" என்றாள் செல்லத்தாய்.

தவுபிக்கின் எதிர்வீட்டுக்காரி. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற வேலை. அந்த ஆள் என்று அவள் சொன்னது போர்மேன் சங்கரலிங்கத்தை.

"திண்டு முழுக்கச் சரிவாப் பலகை அடிக்கப் போறாராம். எங்க சோத்து வாளி எல்லாம் இனிமே வெளிய மரத்தடியில கெடக்கணுமாம். நல்ல மனுசன், போ."

அந்தச் சரிவுப் பலகை முப்பதும் தவுபிக்கின் மரப் பட்டறைக்குத்தான் ஆர்டராக வந்திருந்தது. சொன்னால் அக்கா தன்னையும் சேர்த்துத் திட்டுவாள் என்று வண்டியைக் கிளப்பினான்.

அது 2008. சிவகாசியில் கம்ப்யூட்டர் வைத்து மரம் வெட்டும் மெஷின் ரொம்பப் பேரிடம் கிடையாது. தவுபிக்கிடம் ஒன்று இருந்தது.

பிளைவுட்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை ஒரே சரிவாக வெட்ட வேண்டும். சின்னச் சரிவு என்றால் ஒரே இழுப்பில் முடிந்துவிடும். இவ்வளவு பெரிய சரிவுக்கு மெஷின் அடுக்கடுக்காகத்தான் இறங்கும். அடுக்கைப் பெரிதாக வைத்தால் பத்தே நிமிஷம், ஆனால் குட்டிக் குட்டிப் படிகள் விழும். பொடிசாக வைத்தால் வழவழவென்று வரும், பலகைக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

மாதிரிக்குப் பத்து நிமிஷத்தில் ஒன்று வெட்டிக் காட்டினான்.

பார்க்க வந்த சங்கரலிங்கம் சட்டைப் பையிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்தார். சரிவில் தூவினார். பவுடர் கோடு கோடாகப் படிகளில் நின்றது.

"நிக்குது தம்பி. வேற வெட்டுங்க."

"ஜன்னல்ல வைக்கிற கட்டைதான அண்ணாச்சி? பொண்ணு பாக்க வர்றாப்ல பவுடர் பூசிப் பாக்கீகளே?"

அவர் சிரிக்கவில்லை. "நிக்கப்படாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தவுபிக்குக்குக் கோபம் கோபமாக வந்தது. பொம்பளைகளின் சோற்று வாளியை வெளியே தள்ளுகிற வேலைக்கு இத்தனை நேர்த்தியா?

பதினெட்டுப் பலகையைப் பொறுமையாகப் பொடிசாக வெட்டினான். மிச்சம் பன்னிரண்டையும் பெரிய அடுக்கில் மளமளவென்று வெட்டித் தள்ளினான். செல்லத்தாய் அக்கா சார்பாகப் போர்மேனுக்கு ஒரு குட்டு வைத்த திருப்தி அவனுக்கு.

லோடு எடுக்க வேன் வந்தபோது அந்தப் பன்னிரண்டையும் முதலில் ஏற்றி அடியில் வைத்தான்.

சங்கரலிங்கம் மேலே இருந்த மூன்று பலகையை எடுத்துப் பவுடர் தூவிப் பார்த்தார். துளி நிற்காமல் தரையில் கொட்டியது. அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"தப்பா நெனைக்காதீக அண்ணாச்சி" என்றான் தவுபிக். மனசுக்குள் இருந்ததை அடக்க முடியவில்லை. "ஒரு தூக்குவாளி வைக்கக்கூட எடமில்லாமப் பண்றீகளே, பாவமில்லையா?"

அவர் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

"திண்டு மட்டமா இருந்தா மருந்துத் தூசி படியும் தம்பி. பாத்தாத் தெரியாது. அதுமேல எவர்சில்வர் வாளிய வச்சு ஒரு இழு இழுத்தாப் போதும். அந்த உரசல்ல பொறி பறந்தா..."

"அத அவுககிட்டச் சொல்லிரலாம்ல?"

"ஏழு வருசமாச் சொல்றேன். சரி சரின்னு தலையாட்டுவாக. திண்டுன்னு ஒண்ணு இருந்தா கை தன்னால அங்கன போயிருது. சரிவா இருந்தா வாளியும் நிக்காது, தூசியும் நிக்காது. என்னையத் திட்டுனாத் திட்டிட்டுப் போறாக, உசுரோட இருந்து திட்டட்டும்."

தவுபிக் வேனுக்குள் எட்டிப் பார்த்தான். "எந்த ரூமுக்கு அண்ணாச்சி இது?" என்றான்.

"மருந்து அடைக்கிற ரூமுக்கு. ஒங்க தெருவுல இருந்து செல்லத்தாய்னு ஒரு அம்மா வர்றாகள்ல, அவுக ரூமுதான் மொதல்ல. நாளைக்குக் காலையில அடிச்சிருவோம்."

அவர் முன்னால் ஏறிக்கொள்ள, வேன் கிளம்பியது.

தரையில் பவுடர் வெள்ளையாகக் கிடந்தது. தவுபிக் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த நிமிஷம் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். தெருமுனையில் வேன் திரும்புவதற்குள் பின்கதவைப் பிடித்து டம்டம் என்று தட்டினான்.

சங்கரலிங்கம் இறங்கி வந்தார். "என்ன தம்பி?"

"அடியில பன்னெண்டு பலக இருக்கு அண்ணாச்சி, எறக்கிருங்க" என்றான், மூச்சு வாங்க. "அதுல பவுடர் நிக்கும்."