இரேஷா பயந்த வெள்ளிக்கிழமை

"உங்க மகளுக்குப் பயந்து இரேஷாவே ஓடிட்டாவாமே, உண்மையா முதலாளி?"

பாண் வாங்க வந்த பிரேமசிறி கேட்டதும் பேக்கரிக்கார லயனலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"நானா சொல்றேன்? ரேடியோவில அவவே சொன்னாவே."

உண்மைதான். நாடறிந்த பாடகி இரேஷாவின் புதுப் பாட்டு அந்த வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. களனி ஊர் பஸ்களின் முதுகிலெல்லாம் அவள் படம். அதே வெள்ளிக்கிழமைதான் லயனலின் மகள் ஹிருணியின் முதல் பாட்டும். அதற்கு எங்கேயும் படம் இல்லை.

அதற்கு முதல்நாள் இரேஷா ரேடியோவுக்குப் பேட்டி கொடுத்தாள்.

"பாட்டை ஏன் திடீர்னு ரெண்டு வாரம் தள்ளிப் போட்டீங்க?"

"நாளைக்கு ஹிருணின்னு ஒரு புதுப் பிள்ளையோட பாட்டு வருது. கேட்டுப் பார்த்தேன். மோதப் பயமா இருந்திச்சு."

"உங்களுக்கா?"

"நீங்களும் கேளுங்க. அப்ப விளங்கும்."

இரேஷாவையே பயமுறுத்திய பாட்டு எது என்று ஊரே தேடிப்பிடித்துக் கேட்டது. மறுநாளே முச்சக்கர வண்டிகளில் எல்லாம் ஹிருணியின் குரல்தான். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லயனல் சும்மாவே இனிப்புப் பணிஸ் கொடுத்தார். வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"அவவுக்கும் வயசாகுதுல்ல. இனிப் புத்தர் பன்சலையில பக்திப் பாட்டுப் பாட வேண்டியதுதான்."

"அப்படிக் கதைக்காதீங்க அப்பா," என்றாள் ஹிருணி.

"நீ சும்மா இரு மகள். ஜெயிச்ச நீ அடக்கமா இரு. பெத்தவனுக்கு என்ன அடக்கம்?"

இரண்டு வாரம் கழித்து இரேஷாவின் பாட்டு வந்தது. பிரேமசிறி தன் போனை பேக்கரி மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினான்.

முதல் வரி முடிவதற்குள் கடையில் பேச்சு நின்றுபோனது. மிச்சக் காசு வாங்கக் கை நீட்டிய பெண் நீட்டியபடியே நின்றாள். உள்ளே பாண் கருகும் வாசம் வந்த பிறகுதான் லயனலுக்கே சுயநினைவு வந்தது.

ஓடிப்போய்த் தட்டை வெளியே இழுத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"இப்படி ஒரு பாட்டைக் கையில வச்சுக்கிட்டு, இவ எதுக்கு நமக்குப் பயந்தா?"

ஹிருணி போனின் சத்தத்தைக் குறைத்தாள்.

"பயப்படல்ல அப்பா. ரெண்டும் ஒரே நாளில வந்தா என் பாட்டை யார் கேக்கப் போறாங்கன்னு ஸ்டூடியோ வாசல்ல நின்னு அழுதேன். இரேஷா அக்கா பார்த்துட்டாங்க. 'போய் மூஞ்சியைக் கழுவு, வெள்ளிக்கிழமை உன்னோடது'ன்னாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. இனியும் உங்ககிட்ட சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்."

லயனல் கருகிய தட்டை அப்படியே விட்டு மகளிடம் வந்தார்.

"அப்ப உனக்காக விட்டுக்கொடுத்தேன்னு சொல்லியிருக்கலாமே மகள். பயந்தேன்னு சொல்லி எதுக்கு என்னைப்போல ஆளுங்க வாயில விழணும்?"

"நானும் கேட்டேன் அப்பா. 'விட்டுக்கொடுத்தேன்னு சொன்னா ஊர் என்னைப் பத்திக் கதைக்கும். பயந்தேன்னு சொன்னாத்தான் உன் பாட்டைக் கேக்கும்'னாங்க."