மிதந்த மேடு

"என் கண்ணு மேல சத்தியமா சொல்றேங்க, இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல. நடுவருக்குக் கண்ணை விட்டா வேற என்னங்க சொத்து?" என்றார் வயதான நடுவர்.

பேஸ்பால் சங்கத்தின் விசாரணை அறை. எதிரே தலைவரும் செயலாளரும். தோற்ற அணியின் புகார் இதுதான்: இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தை வீசியபோது வீச்சாளரின் கால் ரப்பர் பலகையில் இல்லை, நடுவர் கண்டுகொள்ளவில்லை. பந்து கையை விட்டுப் போகும்வரை, வீச்சாளர் நிற்கும் மண்மேட்டில் பதித்த பலகையைக் கால் தொட்டிருக்க வேண்டும் என்பது விதி. புகார் உண்மையானால் வெற்றி பறிபோகும். நடுவரின் முப்பது வருட உத்தியோகமும் கூடவே போகும்.

"வீசினது உங்க மாப்பிள்ளையாமே?" என்றார் தலைவர்.

"ஆமாங்க. வீட்டுல அவர் கால் எங்க போகுதுன்னு நான் பாக்குறதில்ல. மேட்டுல பாத்தேன்."

பார்த்ததை நிதானமாகச் சொன்னார். அன்று விடிந்ததிலிருந்தே மூடுபனி. கடைசிப் பந்துக்கு மாப்பிள்ளை பலகையில் கால் வைத்து ஆடாமல் அசையாமல் நின்றாராம். நின்றபடியே கண்ணயர்ந்தும் விட்டாராம். தொப்பியில் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்ததாம். அந்த எடை தாங்காமலோ என்னவோ, மேடு தரையிலிருந்து கழன்று, பனியில் படகுபோல் மிதக்கத் தொடங்கியதாம். நடுவரும் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாராம். மட்டையாளர் மரியாதையாகச் சற்று ஒதுங்கிக்கொண்டாராம். கொக்கு பறக்க, மாப்பிள்ளை விழிக்க, பந்து போக, மேடு தானாகத் திரும்பி வந்து தன் இடத்தில் அமர்ந்துகொண்டதாம்.

அறையில் மின்விசிறிகூட மெல்லச் சுற்றுவதுபோல் இருந்தது. கன்னத்தில் வைத்த கையைத் தலைவர் எடுக்கவில்லை.

"அவ்வளவு தூரமும்... கால்?"

"மயிரிழை நகரலைங்க. குனிஞ்சு பலகையத் தொட்டே பாத்தேன். பனியில ஜில்லுன்னு இருந்துச்சு."

தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கால் பலகையில் இருக்க வேண்டும் என்று இருந்தது. மேடு மிதக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. புகார் தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நடுவர் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

புகார்த் தாள்களை உள்ளே வைக்கச் செயலாளர் அலமாரியைத் திறந்தார். இறுதி ஆட்டம் நடந்த புது மைதானத்துக்கென்று போன மாதம் வாங்கிய ஒரே ரப்பர் பலகை, அனுப்ப மறந்துபோய், உறைகூடப் பிரிக்காமல் அங்கேயே கிடந்தது.