நானூறு இடங்கள்

“நானூறு இடம் அதிகம். வெட்டு.”

பிரிவுத் தலைவர் ராமானுஜம் தலையை நிமிர்த்தாமலேயே, வசுமதி தன் புரோகிராமைத் துளைகளாகப் பதித்திருந்த அட்டைக் கட்டைத் திருப்பி நீட்டினார்.

“ஏற்கெனவே மூன்று முறை வெட்டிவிட்டேன், சார்.”

“நான்காம் முறை வெட்டு. ஐந்து மணிக்குள் இது மெஷினில் ஓடவில்லையென்றால் வேலை சென்னைக்குப் போகும். உன் புரொபேஷன் ரிப்போர்ட்டிலும் அதை எழுத வேண்டியிருக்கும்.”

1978-ஆம் ஆண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இருந்த அந்த ஆராய்ச்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அதன் மெமரியிலோ எட்டாயிரம் இடங்களே உண்டு. எந்தப் புரோகிராமும் அதற்குள் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் ஓடாது. வசுமதி எழுதியது நெம்மேலிக் கரையின் அலை உயரத்தைக் கணக்கிடும் புரோகிராம். கருங்குழியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, ஆறு மாதம் பாடுபட்டு எழுதியிருந்தாள்.

மெஷின் தன் மறுப்பைக் காகிதத்தில் அடித்திருந்தது. ‘இடமில்லை’ என்னும் அந்தச் செய்தி, நட்சத்திரக் குறிகளைக் கோத்து, உள்ளங்கை அகல எழுத்துகளில் அரைப் பக்கத்துக்கு நீண்டிருந்தது.

வசுமதிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வரியில் முடிய வேண்டிய ஒவ்வொரு செய்தியையும் இவ்வளவு பெரிதாக அடிப்பதற்கென்றே ஒரு தனிப் புரோகிராம் மெமரியில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தாள். நானூற்றுப் பத்து இடங்கள்!

அட்டைகளில் துளையிடும் செங்கல்வராயனிடம் கேட்டாள்: “இந்தப் பெரிய எழுத்தை யார் எழுதியது?”

“இன்னாம்மா, தெரியாதா? நம்ம சாருதான். போன வருசம் ஒரு வாரம் குந்திகினு எழுதுனாரு. ஊரான் புரோகிராமுன்னா கத்தியத் தூக்குவாரு. தான் பெத்ததுன்னா வெட்ட மனசு வருமா?”

அவள் நேரே ராமானுஜத்திடம் சென்றாள்.

“சார், அந்தப் பெரிய எழுத்தை எடுத்துவிட்டால் என் புரோகிராமுக்கு இடம் கிடைத்துவிடும்.”

“அதைத் தொடக் கூடாது.”

“அதனால் என்ன பயன், சார்?”

“பார்க்க அழகாக இருக்கிறது.”

செங்கல்வராயன் இருமுவதுபோல் சிரித்தான்.

பன்னிரண்டரைக்கு ராமானுஜம் சாப்பிடப் போனார். எந்தப் புரோகிராமுக்கும் முன்னால் மெஷினில் ஏற்றும் பொதுக் கட்டிலிருந்து வசுமதி அந்தப் பெரிய எழுத்தின் அட்டைகளை மட்டும் உருவி எடுத்து, மேசை டிராயருக்குள் போட்டாள். மற்ற அட்டைகளையும் தன் கட்டையும் மெஷினுக்குக் கொடுத்தாள்.

அவளுடைய புரோகிராம் முழுவதும் உள்ளே போயிற்று. ஓடவும் தொடங்கியது. பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி அடித்தது மெஷின்: ஏழாம் டேப்பை மாட்டவும்.

ஆபரேட்டர் அப்துல் சுபஹான் காகிதத்தைக் கிழித்தார். ஜன்னலருகே கொண்டுபோனார். மூக்கோடு ஒட்டினாற்போல் பிடித்துப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு டேப்பை எடுத்துவந்து மாட்டப் போனார்.

“பாய்! அது ஒன்று. மெஷின் ஏழு கேட்கிறது!”

ஒன்றாம் டேப்பில் சென்ற ஆண்டின் கடல் அளவுகள் அத்தனையும் இருந்தன. மாட்டியிருந்தால் அவற்றின் மேலேயே இவளுடைய கணக்கு பதிந்து, எல்லாம் அழிந்திருக்கும்.

சுபஹான் அந்த டேப்பைச் சட்டென்று மேசைமேல் வைத்தார்.

“ஏழா? இன்னிக்கு இன்னாம்மா இவ்ளோ பொடிசா அடிச்சிகினு கீது?”

“உங்களுக்குத் தெரியவில்லையா, பாய்?”

அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“ரெண்டு வருசமா கண்ணுல புகை மாதிரி கீதும்மா. செங்கல்பட்டு டாக்டரு இது சரியாவாதுன்னுட்டாரு. டேப்பு எங்க கீதுன்னு என் கையே சொல்லிரும். மெஷினு எந்த நம்பரு கேக்குதுன்றதுதான் பேஜாரு. சாரு ஏதோ ஆசைக்குப் பெரிசா அடிக்க வெச்சாரு, நான் பொழச்சேன். ரிட்டயராவ இன்னும் பதினாலு மாசம்தாம்மா. சாருக்கு மட்டும் சொல்லிராதே. அவரு ரூல்ஸ் பாக்குற ஆளு. தெரிஞ்சா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிருவாரு.”

வசுமதி மெஷினை நிறுத்தினாள். டிராயரைத் திறந்தாள். உருவிய அட்டைகளைப் பழைய இடத்திலேயே செருகினாள்.

பிறகு உட்கார்ந்து, தன் புரோகிராமை இரண்டு துண்டாக்கினாள். முதல் துண்டு மெமரியில் ஏறிப் பாதிக் கணக்கைப் போட்டு, அதை டேப்பில் எழுதிவிட்டு விலக வேண்டும். காலியான அதே இடத்தில் இரண்டாம் துண்டு ஏறி மீதியை முடிக்க வேண்டும். சொல்வதற்கு எளிது, செய்கையில் மூன்று முறை தவறிப்போயிற்று. கொண்டுவந்த சாப்பாடு டப்பாவிலேயே இருந்தது.

நான்காம் முறை ‘ஏழு’ என்று மெஷின் உள்ளங்கை அகலத்தில் கேட்டது. சுபஹான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தார், எடுத்தார், மாட்டினார்.

ஐந்தடிக்க எட்டு நிமிடம் இருக்கையில் விடை வந்தது.

ராமானுஜம் தாள்களைப் புரட்டினார்.

“இடம் எங்கே கிடைத்தது?”

“என் புரோகிராமிலேயே, சார்.”

“பெரிய எழுத்தைத் தொட்டாயா?”

“தொட்டேன், சார். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.”

“ஏன்?”

வசுமதி மேசையைப் பார்த்தபடி சொன்னாள்.

“பார்க்க அழகாக இருக்கிறது, சார்.”

அன்று முதன்முறையாக ராமானுஜம் தலையை நிமிர்த்தினார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் டேப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சுபஹானை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவளுடைய ரிப்போர்ட்டை இழுத்துக் கையெழுத்திட்டார்.

“எனக்குத் தெரியும் என்பது பாய்க்குத் தெரிய வேண்டாம்,” என்றார்.