அப்பாவுக்குத் தெரியக் கூடாது

"எனக்கு இல்லப்பா!"

கேக் பெட்டியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே சலூன் கதவைத் தள்ளினாள் மகள். முகம் கொள்ளாத சிரிப்பு.

பஸ்ஸில் வரும்போதே உதட்டுக்குள் நூறு தடவை சொல்லிப் பழகிய பொய் அது. நிஜம், கைப்பையின் அடியில் நாலாக மடித்த காகிதத்தில் கிடந்தது.

அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு நாற்பத்தெட்டு வயதில் கை நடுங்க ஆரம்பித்து, கால் துவண்டு, கடைசியில் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்க வைத்த நோய். வழிவழியாக வருவது. கல்யாணம் நிச்சயமானதும், நாளைக்கு ஒரு குழந்தை என்று வருமுன் தெரிந்துகொண்டுவிடலாம் என்று ரத்தம் கொடுத்திருந்தாள்.

ரிசல்ட்டைச் சொன்ன டாக்டரம்மா தண்ணீரை நீட்டினார்.

"இது ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிச்சு வராதும்மா. பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தாத்தான் பிள்ளைக்கு வரும். அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்புதான். தாத்தாவோடது உனக்கு வந்திருக்குன்னா..."

"அப்பாவுக்கும் இருக்கு."

"அவர் டெஸ்ட் எடுத்துக்கிட்டாரா?"

"மாட்டார் டாக்டர். தெரியாமலே இருந்துட்டுப் போறேன்னு சொல்லிட்டார். தெரிஞ்சா அன்னைக்கே இடிஞ்சு போயிடுவார்."

ரிசல்ட் எப்படி வந்தாலும் அப்பா மடியில் விழுந்து அழுது தீர்த்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அந்த மடியும் போயிற்று. அம்மா இல்லாத வீடு. அழுவதற்கு வேறு ஆளில்லை.

சலூனில் அப்பா மட்டும் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சில வருடங்களாகவே அவர் சவரக்கத்தியைத் தொடுவதில்லை. கண் மங்கிவிட்டதென்று ஷேவிங்கையெல்லாம் கூட வேலை பார்ப்பவரிடம் தள்ளிவிட்டார். பேப்பரில் பொடி எழுத்தை மட்டும் கண்ணாடி இல்லாமல் படிப்பார்.

"நிஜமாவா? என்னைப் பாத்துச் சொல்லு."

பார்த்தாள். "சத்தியமா இல்லப்பா."

கையிலிருந்த சீப்பு தொட்டிக்குள் விழுந்தது. சுழல்நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தவர், முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா போனபோதுகூட அவர் இப்படி அழுததில்லை.

அவர் தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். பொய் பலித்துவிட்டது. தொண்டை வரை வந்ததை விழுங்கினாள். இனி ஆயுசுக்கும் இப்படித்தான், விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

"அழாதீங்கப்பா. அதான் இல்லேன்னு ஆயிடுச்சே."

"உன் ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் எப்படிம்மா வாயைத் திறப்பேன்? நீ பயந்தே செத்திருப்ப." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய பாரம் இறங்கியவராகச் சிரித்தார் அப்பா.

"எனக்கு இருக்குன்னு ஆறு வருஷமாத் தெரியும்மா."