ஆற்றிலேயே விட்ட மீன்

"பிடிச்ச மீனைத் திரும்பவும் ஆத்திலயே விட்டிட்டியளோ?"

"ஓம். அங்கத்தை முறை அப்பிடி. பிடிக்கிறது, நிறுக்கிறது, படம் எடுக்கிறது, விடுறது."

"ஒரு குழம்புக்குக்கூடக் கொண்டு வரேல்லையோ?"

"ஒரு பொரியலுக்குக்கூட இல்லை."

ஜெயகௌரி வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கணவனை ஏறிட்டுப் பார்த்தாள். பயணப் பெட்டியை இன்னும் திறக்காத குலேந்திரன், பேர்ன் நகரை ஒட்டிய ஒஸ்டர்முண்டிகன் வீட்டுக் குசினி மேசையில் இருந்தபடி இரண்டு கைகளையும் விரித்து மீனின் நீளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"உவ்வளவு பெரிசோ?"

"பித்தளைத் தாம்பாளம் மாதிரி. பிறீம் எண்டு பேர். கையில பிடிச்சா சவர்க்காரம் போல வழுக்கும்."

"வடிவாச் சொல்லுறியள். பின்னேரம் லக்ஷ்மணன் அண்ணை வாறார். உங்கடை மீன் கதை கேக்கத்தான் வாறாராம்."

குலேந்திரனின் கைகள் தாமாகவே சுருங்கின. மீனும் அரை முழம் குறைந்துபோனது.

மைத்துனர் லக்ஷ்மணனிடம் சிவப்பு நிறச் சுவிஸ் பாஸ்போட் இருந்தது. "நீயும் எடடாப்பா" என்று அவர் சொல்லாத பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை. "என்ரை கையில C-அவுஸ்வைஸ் இருக்கு, நிரந்தர வதிவிட அட்டை. அதோடை ஐரோப்பா முழுக்கப் போகலாம். பாஸ்போட்டை வைச்சு என்ன, நாக்கு வழிக்கிறதோ?" என்று குலேந்திரனும் விடாமல் சொல்லிவந்தார்.

அந்த வாயால்தான் வந்தது வினை. வேலையிடத்து ரூடி வசந்தகால லீவில் அயர்லாந்து ஆற்றுக்கு மீன்பிடிக்கக் கூப்பிட்டதும், குலேந்திரன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கண்ணை மூடினால் பச்சைக் கரை, மெல்லிய மழை, தண்ணீரில் ஆடும் தக்கை.

"எதுக்கும் விசா வேணுமோ எண்டு ஒருக்காக் கேளுங்கோவன்" என்று ஜெயகௌரி அப்போதே சொன்னாள்.

"முப்பது வருசமா இந்த நாட்டில இருக்கிறன். நீர் எனக்குப் படிப்பிக்கிறீரோ?"

சூரிச் விமான நிலையத்தில் ஒரு பெண் அவருடைய இலங்கைப் பாஸ்போட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அயர்லாந்து ஐரோப்பாதான், ஆனால் ஷெங்கன் என்ற பொது விசா வலயத்தில் இல்லை, விசா இல்லாமல் ஏற்ற முடியாது என்று மிகவும் அன்பாகச் சொன்னாள். ரூடி தூண்டில்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். குலேந்திரன் வெளியே வந்தார்.

வீட்டுக்குப் போயிருந்தால் இரவே லக்ஷ்மணனுக்குச் செய்தி போயிருக்கும். சாகும்வரை அந்தக் கதைதான் நடக்கும். ஆகவே அவர் ரயிலேறித் திரிம்பாக்கில் தனியாக இருக்கும், குடும்பத்துக்குத் தெரிந்த பையன் நிருசனின் அறையில் போய் ஒளிந்துகொண்டார். ரூடி அனுப்பிய படங்களை ஃபோனில் பார்த்தபடி, ஒரு கிழமை முழுவதும் அயர்லாந்தை அங்கேயே வாழ்ந்து முடித்தார்.

சாப்பாட்டுக்குக் குறை இருக்கவில்லை. பேர்னில் வேலை செய்யும் நிருசன், பின்னேரங்களில் எல்லாத் தமிழ் வீட்டிலும் கிடக்கிற மாதிரியான காலி ஐஸ்கிரீம் பெட்டிகளில் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்தான். "வேலைக்குப் பக்கத்தில ஒரு அக்கா சமைச்சுத் தாறவ, அண்ணை" என்றான். அதில் உறைப்பில்லை என்று நிருசன் மேலே மிளகாய்த் தூளைக் கொட்டிக் குழைத்தான். வயிற்றெரிவுக்காரரான குலேந்திரனுக்கோ அது அளவாக இருந்தது. முகம் தெரியாத அந்த அக்காவை மனதுக்குள் வாழ்த்தினார்.

இப்போது ஜெயகௌரி ஃபோனைப் பிடுங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"எல்லாத்திலயும் ரூடிதான் நிக்கிறார். நீங்கள் எங்கை?"

"நான்தானே படம் எடுத்தனான்."

"அதுதானே பாத்தன். அண்ணை கேட்டா உதையே சொல்லுங்கோ."

அவள் குனிந்து அவருடைய சப்பாத்தைப் பார்த்தாள். "ஆத்தங்கரையில நிண்ட சப்பாத்து, ஒரு பொட்டுச் சேறில்லை?"

"அங்கையே கழுவிப்போட்டன்."

"கெட்டிக்காரன். அங்கை மழை எண்டு சொல்லுவினம். உங்கடை மூக்கு வெயிலில கறுத்துக் கிடக்கு?"

அது திரிம்பாக்கிலிருந்து நடந்துபோய், ஆரே நதிக்கரை வாங்கில் நாள் முழுக்கக் குந்தியிருந்த வெயில். குலேந்திரன் மூக்கைத் தடவிப் பார்த்தார்.

"விட்டு விட்டுப் பெய்ஞ்சிருக்கும், என்ன?" என்றாள் அவளே.

"ஓமோம்! விட்டு விட்டு."

என்ன வெள்ளை மனசு இவளுக்கு என்று அவர் உருகிப்போனார். அடுத்த வருடம் எப்படியாவது இவளை எங்காவது கூட்டிக்கொண்டு போகவேண்டும். விசா கேட்காத இடமாகப் பார்த்து.

வாசல் மணி அடித்தது. கதவுக் கண்ணாடிக்கு அப்பால் லக்ஷ்மணனின் பெரிய உருவம் அசைந்தது. குலேந்திரன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டு, மீனின் நீளத்தை மறுபடியும் ஒருமுறை கைகளால் அளந்து பார்த்துக்கொண்டார். பழைய அளவுக்கு வந்திருந்தது.

ஜெயகௌரி கையைத் துடைத்துக்கொண்டு கதவருகே போனாள். திறப்பில் கை வைத்தவள், திரும்பி அவர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"இஞ்சேருங்கோ, நிருசனிட்டைச் சொல்லி என்ரை ஐஸ்கிரீம் பெட்டியளைத் திருப்பி வாங்கித் தாங்கோ."