படிக்கொரு நீலம்

“இது நேற்றைய நீலம்தானே சுடலைமுத்து? எனக்கு இதைவிடக் கொஞ்சம் வெளிறினது வேணும்.”

விமலேஸ்வரி டீச்சர் மாடிப்படியின் அடியில் நின்று தலையைச் சரித்துப் பார்த்தார்.

“நேத்து இதுதான் நல்லாயிருக்குன்னு சொன்னீங்களே டீச்சர்?”

“அது நேற்றைய படிக்கு. அடுத்ததுக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளை கலவுங்கோ. இண்டைக்கு அந்த ஒண்டை அடிச்சுப்போட்டு விடுங்கோ. காஞ்சாப்பிறகு, நாளைக்கு மற்றதைப் பாப்பம்.”

சுடலைமுத்து வாளிக்குள் வெள்ளையைச் சரித்தார்.

ஒரு நாளைக்கு ஒரு படி. அடிப்படி கறுப்போடு சேர்ந்த கடும் நீலம். மேலே போகப் போக ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாய் வெளிறிக்கொண்டு போனது. ஒரு பகலில் முடிய வேண்டிய வேலை!

விசுவமடுச் சந்தி முழுக்க இதே கதைதான்.

“அந்த மனுசிக்கு விசர். மகள் வவுனியாவில. மேல் மாடியில குடியிருக்க ஒரு காகம் குருவிகூட இல்லை. ஆர் ஏறப்போற படியாம் அது?” தேத்தண்ணிக் கடைச் சுகிர்தன் கேட்டான். “நீங்களும் தலையாட்டிக்கொண்டு போறியள். புதுக்குடியிருப்பில ஒரு கலியாண வீடு, முழு வீடும் அடிக்க ஆள் தேடுறாங்கள். போகலாமெல்லே?”

“வேற ஆளைப் பாக்கச் சொல்லு.”

“ஏன், டீச்சருக்குப் பயமோ?”

சுடலைமுத்து சைக்கிளை எடுத்தார்.

தொடக்கத்தில் அவருக்கும் எரிச்சல்தான். ஒருநாள் கோபத்தில் பெயின்ற் வாளியைப் போட்டுவிட்டுப் போகவும் பார்த்தார். டீச்சர் விடவில்லை. “சோறு போட்டாச்சு, சாப்பிட்டுட்டுப் போங்கோ” என்று மறித்து, எதிரில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு கதைக்கத் தொடங்கினார். துணுக்காயில் படிப்பித்த கதை, மகள் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று மாமரத்தில் ஏறியிருந்த கதை.

“இன்னும் கொஞ்சம் போடுங்கோ. நீங்கள் சாப்பிடாட்டி நான் எப்பிடித் தனியச் சாப்பிடுறது?”

அந்தக் கேள்வியோடு சுடலைமுத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பாவம். கதைக்க ஆளில்லை. படி ஒரு சாட்டு.

தனிமையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனைவி மீனம்மா தை மாதம் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து இன்றுவரை வீட்டுப் பக்கம் திரும்பவே கால் வராது. இருட்டும்வரை குளக்கட்டில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் குந்தியிருப்பார். பிறகு போய் ஒரு துண்டுப் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுவிட்டுப் படுப்பார். மீனம்மாவின் பாய் சுருட்டியபடியே மூலையில் நின்றது. விரிக்கவும் மனமில்லை, எடுத்து வைக்கவும் மனமில்லை.

அதனால் டீச்சருக்கு அவரும் ஒத்துழைத்தார். வெள்ளை கூடிவிட்டதென்று தானே சொல்லி, அடித்த படியைத் திரும்ப அடித்தார். இன்னொரு நாள் பெயின்ற் பிறஸில் மயிர் கொட்டுகிறது என்று வேலையைத் தள்ளிப்போட்டார். வயதான ஒரு மனுசியின் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பது அப்படி என்ன பெரிய வேலை? ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். தன்னை நினைக்க அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் எந்தப் படியும் ஒருநாள் முடியத்தானே வேண்டும்? மேல்படிக்கு வந்தபோது வாளியில் நீலம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

அன்றைக்குப் பார்த்து வாசலில் ஒரு வான் வந்து நின்றது. டீச்சரின் மகள் தாட்சாயினி இறங்கி வந்தாள். டீச்சர் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதோ ஐயா?” தாட்சாயினி படிகளை அண்ணாந்து பார்த்தாள்.

சுடலைமுத்துக்கு மனம் கொதித்தது. இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தாள் இவள்? இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினார்.

“பிள்ளை, நான் சொல்றேன்னு கோவிக்காதீங்க. பெத்த தாயை இப்படித் தனியா விடலாமா? பேச ஒரு ஆள் இல்லாம, பெயின்ற் அடிக்கணும்னு சாட்டுச் சொல்லி என்னைத் தினம் வரவைக்கிறாங்க. ஊரே சிரிக்குது. கையோட கூட்டிட்டுப் போங்க.”

தாட்சாயினியின் முகம் மாறியது. குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தாள்.

“நான் மாசியிலயே கூட்டிக்கொண்டு போக வந்தனான் ஐயா. அம்மாதான் வரமாட்டன் எண்டு நிண்டவா.”

“ஏன்?”

அவள் தயங்கினாள்.

“‘மீனம்மா செத்தாப்பிறகு அந்த மனுசன் ஒழுங்காச் சாப்பிடுறேல்ல. சும்மா கூப்பிட்டால் ரோசத்தில வராது. ஏதும் வேலையைச் சாட்டி ஒரு நேரமாவது சாப்பிடப் பண்ணவேணும். ஆள் தேறட்டும், பிறகு வாறன்’ எண்டு சொல்லிப்போட்டா.”

சுடலைமுத்து பிறஸைப் பிடித்தபடியே நின்றார். வெள்ளை சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுந்தது.

அதற்குள் டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மகளைக் கண்டதும் முகம் சுருங்கியது.

“நீ ஏன் பிள்ளை இப்ப வந்தனி? வேலை இன்னும் முடியேல்லை. மேல சுவரெல்லாம் அடிக்கக் கிடக்கு…”

“எல்லாம் முடிஞ்சிருச்சு டீச்சர்.” சுடலைமுத்து பிறஸை வாளிக்குள் போட்டார். “நீங்க பிள்ளையோட போய் நல்லா இருங்க. நான் இப்பெல்லாம் வீட்டிலதான் சமைக்கிறேன். நேத்து ராத்திரிகூடப் பருப்பு வச்சு, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.”